உடல் எடைக்கான உணவு ஆலோசனைத் திட்டம்: மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் சேவை குறித்து

மதுரையில் நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனை ஒன்று நடத்தும் மூன்று மாத உணவு ஆலோசனைத் திட்டத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்து முடித்திருக்கிறோம். ஒருவருக்கு 4,500 ரூபாய் கட்டணம்; தொடக்க ரத்தப் பரிசோதனை, உணவியல் நிபுணருடன் தனிப் பேச்சு, வாரம் ஒரு குழு வகுப்பு, கைப்பேசிச் செயலி ஆகியவை அதில் அடங்கும். எத்தனை கிலோ குறைந்தது என்பதை மட்டும் வைத்து இத்தகைய சேவையை எடைபோடுவது போதாது என்பது என் எண்ணம். வீட்டு அடுப்படியில் என்ன மாறியது, கட்டிய காலம் முடிந்த பிறகும் அந்த மாற்றம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது இத்திட்டத்தின் கற்பிக்கும் பகுதி மிகச் சிறப்பாகவும், அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விற்பனைப் பகுதி வேண்டாததாகவும் இருக்கின்றன.

இப்படியொரு சேவைக்கான தேவை பெரிது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தது 37 ஆனது. இந்திய அளவில் பெண்களுக்கான விகிதம் 24 விழுக்காடுதான். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரு மாநிலத்துப் பெண்களில் பத்தில் ஒருவர் புதிதாக இந்தக் கணக்கில் சேர்கிறார் என்றால், அத்தனை பேரும் ஒரே காலத்தில் மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் எடை கூடிய எவரும் உறவினர் வாயிலிருந்து முதலில் கேட்பது "கொஞ்சம் வாயைக் கட்டு" என்பதைத்தான். இந்தத் திட்டத்தின் முதல் வகுப்பிலேயே உணவியல் நிபுணர் அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மைச் சுற்றி எது மாறியது என்று கேட்கத் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாறியவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் நடந்தது புரிகிறது. வயல், தறி, கிணறு, அம்மி என்று உடல் உழைப்பில் கழிந்த நாள், நாற்காலிக்கும் இருசக்கர வாகனத்துக்கும் மாறிவிட்டது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் அந்த உழைப்புக்கு ஏற்றபடியே தொடர்கிறது. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பசியைப் போக்கிய இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் மாவுச்சத்தும் எண்ணெயும் மலிவாகவும் காயும் பழமும் பருப்பும் விலை ஏறியும் இருக்கும்போது, கையில் காசு குறைந்த வீடு எதைக் கொண்டு வயிற்றை நிரப்பும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. இதோடு இரவு பதினொரு மணிக்கும் சூடாகப் பரோட்டா கிடைக்கும் ஊர் எங்களுடையது.

சுவரில் மாட்டியிருந்த உடல் நிறைக் குறியீட்டு (பிஎம்ஐ: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) அட்டையில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்று இருந்தது. நிபுணர் அதைச் சுட்டிக்காட்டி, இந்தியர்களுக்கு 23லேயே கவனம் தொடங்க வேண்டும், 25ஐத் தாண்டினாலே பருமன் என்றுதான் இந்திய மருத்துவர்கள் கொள்கிறார்கள் என்று விளக்கினார். காரணமும் சொன்னார். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள்; இருவருக்கும் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரலாம் என்பதால், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்று ஒவ்வொருவரையும் நாடாவால் அளக்கவைத்தார். சரியான விளக்கம் கிடைத்தும் அந்தப் பழைய அட்டை திட்டம் முடியும் வரை சுவரிலேயே இருந்தது. வகுப்புக்கு வராத நோயாளிகள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

திட்டத்தின் சிறந்த வகுப்பு சோற்றை வைத்து நடந்தது. மருத்துவமனை உணவகத்திலிருந்து ஒரு பாத்திரம் நிறையச் சோறு கொண்டுவரச் செய்து, வீட்டில் மதியம் பரிமாறிக்கொள்ளும் அளவைத் தட்டில் போடச் சொன்னார்கள். பிறகு தராசில் வைத்தார்கள். என் தட்டில் 420 கிராம் இருந்தது. அரிசிக் கணக்கில் ஏறத்தாழ 140 கிராம், அதாவது ஐந்நூறு கலோரிக்குச் சற்றுக் குறைவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம்தான். காலை இட்லியும் இரவுத் தோசையும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது அங்கிருந்த அனைவருக்கும் அந்த நிமிடமே விளங்கியது. அதே வழிகாட்டி காய்கறி 400 கிராம் என்கிறது. எங்கள் வீட்டில் பொரியல் ஊறுகாய் அளவில்தான் இருந்து வந்தது. சோற்றைப் பாதியாக்கு என்று அவர் சொல்லவில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் இரண்டு கரண்டி கூட்டி, சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்கச் சொன்னார். பசியோடு எழுந்திருக்க வேண்டிய நிலை வரவில்லை என்பதால்தான் இது இன்றுவரை எங்கள் வீட்டில் நடக்கிறது.

(குன்னூரில் 1918இல் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 பற்றாக்குறையால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பற்றாக்குறையைத் தீர்க்கப் பிறந்த நிறுவனம் இன்று சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் மேல்வரம்பு சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது.)

சமைப்பவரை அழைத்து வரும்படி ஒரு வகுப்புக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்படி அம்மாவின் பொறுப்பில் இருப்பதால் அவரை அழைத்துச் சென்றோம். நிபுணர் அம்மாவிடம் கலோரி பற்றி எதுவும் பேசவில்லை.

"மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்கம்மா?"

"அஞ்சு லிட்டர் ஆகும் தாயி. தீபாவளி, பொங்கல் வந்தா இன்னும் ரெண்டு சேரும்."

ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்று வைத்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும் என்று அவர் தாளில் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு தாளிப்புக்கும் அளக்க வேண்டாம், மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அதற்குள் சமையுங்கள் என்றார். சிக்கனமாகக் குடும்பம் நடத்திப் பழகிய அம்மாவுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. நாங்கள் சொல்லி நடக்காத மாற்றம் அவர் கையாலேயே நடந்தது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4 என்பதை நான் பள்ளியிலேயே படித்திருக்கிறேன், அதனால் எங்கள் வாணலியில் ஒரு சொட்டும் குறைந்ததில்லை. ஊட்டச்சத்துக் கல்வி அடுப்பருகே நிற்பவரிடம், அவர் கடையில் வாங்கும் அளவிலேயே பேசினால்தான் வேலை செய்யும் என்பதை இந்த ஒரு வகுப்பு காட்டியது.

பொட்டலங்களைப் படிக்கும் வகுப்பும் நன்றாக இருந்தது. ராகி என்று முகப்பில் பெரிதாக அச்சிட்ட பிஸ்கட் ஒன்றைக் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். எடை மிகுந்த பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் மைதா முதலிலும் சர்க்கரை அடுத்தும் வர, ராகி பின்னால் எங்கோ இருந்தது. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று சர்க்கரையே வேறு பெயர்களில் மீண்டும் வருவதையும், நூறு கிராமுக்குரிய சர்க்கரையை ஐந்தால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு கிடைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டோம். நாளுக்கு 25 கிராம் என்ற வரம்பை, டீக்கடையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று டீ குடிப்பவர் அங்கேயே தாண்டிவிடுகிறார். பதப்படுத்திய உணவு ஏன் தனியே ஆபத்தானது என்பதற்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினார்கள். இருபது பேரிடம், வேண்டிய அளவு உண்ணலாம் என்று சொல்லி உணவு வைத்தபோது, மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரத்தில் அவர்கள் தம்மை அறியாமலே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். குறைந்த அளவே பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அதே மனிதர்களின் எடை குறைந்தது.

இனிக் குறைகள். தனிப் பேச்சுக்குப் பின் கையில் தரும் உணவு அட்டவணை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. சமைப்பவர் படிக்க முடியாத அட்டவணையால் யாருக்குப் பயன்? அதில் ஓட்ஸும் கீன்வாவும் புரோக்கோலியும் இருந்தனவே தவிர, கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ முருங்கைக்கீரையோ கொள்ளோ இல்லை. வகுப்பில் அத்தனை அழகாக நம் உணவைப் பற்றிப் பேசியவர்கள், எங்கிருந்தோ எடுத்த அட்டவணையை ஏன் அச்சடிக்கிறார்கள் என்று கேட்டேன். செயலியை நடத்தும் நிறுவனம் தருவது என்றார்கள். செயலியிலும் அதே குறைதான்: பணியாரத்தைத் தேடினால் வராது, பான்கேக் வரும். குழு வகுப்புகளில் பெரும்பாலானவை வேலை நாட்களில் காலை பதினொரு மணிக்கு நடப்பதால், கடையில் நிற்பவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரவே முடியாது. எங்கள் குழுவில் ஓய்வு பெற்றவர்களும் சொந்தத் தொழில் உள்ளவர்களும்தான் இருந்தார்கள். இரவு வேலை பார்ப்பவர் எப்போது உண்பது, தூக்கம் குறைந்தால் பசி ஏன் கூடுகிறது என்பவை பற்றி ஒரு வகுப்புகூட இல்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது உணவுக்கு மாற்றாகக் குடிக்கும் மாவு. இரண்டாம் மாதத்தில் எடை இறங்குவது நின்றதும், இரவு உணவுக்குப் பதிலாக அந்த மாவைக் கரைத்துக் குடிக்கலாம் என்று சொல்லி, கீழ்த்தளத்து மருந்துக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். டப்பா 1,800 ரூபாய். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்த அதே இடத்தில் அதைச் செய்து பார்த்தேன். பட்டியலில் மூன்றாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சர்க்கரையைப் போலவே விரைவில் ரத்தத்தில் கலக்கும் ஒரு மாவுச்சத்துப் பொருள், இருந்தது. கற்பிப்பவரே விற்பவராகவும் ஆகும்போது, கற்பித்ததன் மேல் உள்ள நம்பிக்கையும் சேர்ந்து தேய்கிறது. இதை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது மருத்துவமனையின் குறை அன்று, இத்தகைய எந்தத் திட்டத்துக்கும் உள்ள எல்லை. வீட்டுக்குள் எண்ணெயைக் குறைத்துவிடலாம், ஆனால் என் மகள் பள்ளி விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிவது சிப்ஸ் சரம் தொங்கும் கடைதான். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் இத்தகைய பொட்டலங்களின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் அது புரியும். நம் ஊரில் 4,500 ரூபாய் கட்டி வகுப்பில் உட்கார்ந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கக் கற்க வேண்டியிருக்கிறது. நடுவண் பள்ளிக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2025 மே மாதத்தில் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது நல்ல தொடக்கம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் அது தமிழில் வர வேண்டும்.

இந்தத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, நேரம் ஒதுக்க முடிந்தால் சேரலாம் என்றே சொல்வேன். சமைப்பவரை முதல் வகுப்பிலிருந்தே உடன் அழைத்துச் செல்லுங்கள்; மருத்துவமனை அதைத் தடுப்பதில்லை, தனிக் கட்டணமும் இல்லை. அச்சடித்த அட்டவணையை வைத்துவிட்டு, நம் உணவுகளைக் கொண்டு தமிழில் கையால் எழுதித் தரும்படி கேளுங்கள். என் மனைவி கேட்டதும் நிபுணர் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். செயலியைத் திறக்காவிட்டாலும் இழப்பு இல்லை. மாவு டப்பாவை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நாங்கள் வாங்கவில்லை, அதனால் அடுத்த சந்திப்பில் கவனிப்பு எதுவும் குறையவில்லை.