தெருவில் நின்று தேடினாலும் தெரியாத ஜெப ஆலயம்

வியன்னாவின் பழைய நகரத்தில் யூதர் வரலாற்றைச் சொல்லும் நடைப்பயணம் ஒன்றுக்குப் போய்வந்தேன். இரண்டரை மணி நேரம், தலைக்கு 25 யூரோ. கடைசி ஒரு மணி நேரத்துக்காகவே இந்தக் காசைக் கொடுக்கலாம்.

தொடக்கம் சுமார்தான். யூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் 22 பேர் நின்றோம். காதில் மாட்டும் கருவி தரவில்லை; பின்னால் நின்றவர்களுக்குப் பாதி கேட்கவே இல்லை. 1421இல் இடிக்கப்பட்ட ஜெப ஆலயத்தின் அடித்தளம் அந்தச் சதுக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குள் போகவேண்டும், இந்தக் கட்டணத்தில் அது சேராது. சரி, மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

அப்புறம் சைட்டன்ஷ்டெட்டன் தெரு. வழிகாட்டி அம்மா எங்களை நடுத்தெருவில் நிறுத்தி, "ஜெப ஆலயம் எங்கே, காட்டுங்கள்" என்றார். எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள்தான். வாசலில் காவல் நின்றதை வைத்து ஒருவர் கதவை ஊகித்தார். 1826இல் கட்டடக் கலைஞர் கோர்ன்ஹொய்சல் கட்டி முடித்த ஸ்டாட்டெம்பல் என்ற ஜெப ஆலயம் அந்த வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கத்தோலிக்க தேவாலயம் மட்டுமே தெருவைப் பார்த்து நிற்கலாம் என்பது பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்து விதி.

இதே ஜோசப்தான் 1782 ஜனவரியில் யூதர்களுக்குச் சில உரிமைகள் தந்த சகிப்பு ஆணையைப் பிறப்பித்தவர். யூதர் உடம்புக்கே வசூலித்த சுங்கத்தை நிறுத்தினார், பல்கலைக்கழகத்தையும் கைத்தொழில்களையும் திறந்துவிட்டார். ஆனால் வியன்னாவில் பொது ஜெப ஆலயம் கூடாது, கணக்குப் புத்தகத்தில் எபிரேய எழுத்து கூடாது. 1787இல் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவும் சொன்னார். அரசுக்குப் பயன்படும் குடிகளாக்குவதுதான் நோக்கம். வழிகாட்டி இதை இரண்டு பக்கமும் மறைக்காமல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. "நல்ல ராஜா" கதையாகச் சொல்லி முடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. முட்டை வடிவக் கூடம், 12 தூண்கள், அவற்றின் மேல் பெண்களுக்கான இரண்டு அடுக்கு மாடம், நட்சத்திரங்கள் தெளித்த நீலக் கூரை. தெருவில் அத்தனை அடக்கமாக இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள் உள்ளே இவ்வளவு அழகைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் மாடத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

ஜெப ஆலயத்தில் நாட்டை ஆளும் அரசருக்காக யூதர்கள் ஜெபிப்பது பழைய வழக்கம் என்றார் வழிகாட்டி. கட்டுப்படுத்தியவருக்கு எதற்கு ஜெபம் என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். வழிகாட்டி பின்னாளில் ஆண்ட பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பைப் பற்றிச் சொன்னார். 1867 அரசியல் சட்டத்தில் யூதர்களுக்கு முழு உரிமை வந்தது அவர் ஆட்சியில்தான். யூத எதிர்ப்புப் பேசியே வாக்கு சேர்த்த கார்ல் லூகர் வியன்னா மேயராகத் தேர்வானபோது, 1897 வரை திரும்பத் திரும்ப ஒப்புதல் தர மறுத்தவரும் அவரே. பேரரசின் வடகிழக்கு மாகாணமான கலீசியாவின் யூதர்கள் அவரை "ஃப்ரொயிம் யோசல்" என்று வீட்டுப் பிள்ளையைப் போலக் கூப்பிட்டார்களாம். பக்கத்தில் கூச்சலிடும் கும்பலும் தூரத்தில் பேரரசரும் இருந்தால் மனிதர்கள் யாரை நம்புவார்கள்? எனக்கு அந்த ஜெபம் புரிந்தது.

1938 நவம்பரில் மற்ற ஜெப ஆலயங்களை எரித்த நாஜிகள் இந்தக் கட்டடத்தைக் கொளுத்தவில்லை. ஒட்டியிருந்த வீடுகளும் எரிந்துவிடும் என்பதால் உள்ளே நாசம் செய்ததோடு விட்டார்கள். முன்கூடத்தில் கல் பலகைகள் இருக்கின்றன, கையால் திருப்பலாம். கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களின் பெயர்கள். நான் ஒரு பலகையை முழுதாக வாசித்தேன். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. இதற்குப் பத்தே நிமிடம்தான் கொடுத்தார்கள், அது போதாது.

பாஸ்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். 1981இல் இங்கே நடந்த தாக்குதலில் இருவர் இறந்தார்கள், அதனால் சோதனை கடுமை. பெரிய பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போதே குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 12 பேருக்கு மேல் என்றால் வேறு நாள் பாருங்கள்.