ஃப்ளூசால்: மூளைக்கு ஏற்ற திரவம், ஆனால் ஃப்ரீசரில்தான் இருந்தது

மயக்க மருந்துத் துறையில் வேலை பார்க்கிறேன். மூளை ரத்தக்குழாயில் புடைத்து நிற்கும் அனியூரிசத்துக்கு கிளிப் போடும்போது, அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைக் கொஞ்ச நேரம் தற்காலிக கிளிப்பால் அடைத்துவிட்டுத்தான் சர்ஜன் வேலை செய்வார், அந்த நேரத்தை ஒருவர் "ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பெரும்பாலும் அது நான்தான். ஆக்சிஜன் சுமக்கும் செயற்கைத் திரவங்களைத் தேடித்தேடிப் படிப்பது அதனால்தான்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளூசால். ஜப்பானின் கிரீன் கிராஸ் நிறுவனம் தயாரித்தது. பெர்ஃப்ளூரோகார்பன் என்ற எண்ணெயைப் பால் மாதிரி நீரில் கலக்கியிருப்பார்கள். துளிகள் 0.1, 0.2 மைக்ரான் அளவுதான், சிவப்பணுவோ 7 மைக்ரானுக்கு மேல். சுருங்கிப்போன நுண்குழாயில் சிவப்பணு திணறும் இடத்திலும் இது புகுந்து போகும், மூளைக்கு வேறென்ன வேண்டும்!

இந்த எண்ணெய் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதில்லை, கரைத்துத்தான் வைக்கிறது, அதனால் நோயாளி ஏறக்குறைய முழு ஆக்சிஜனைச் சுவாசித்தால்தான் பலன் என்பதைப் பலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். வார்டில் அது குறைதான். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருக்கிறார், ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

உண்மையான குறை வேறு. பையை உறைநிலையில் வைத்திருந்து, உருக வைத்து, துணைக் கரைசல்களைக் கலந்து, அப்புறம்தான் ஏற்ற முடியும். அனியூரிசம் திடீரென்று வெடித்தால் இதையெல்லாம் யார் செய்வது? 1989 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் இதயக் குழாயில் பலூன் விடும் சிகிச்சைக்கு. 1994இல் விற்பனையே நின்றுபோனது. சோதனையில் தோற்ற மருந்து கைவிடப்பட்டால் சரி என்று விட்டுவிடலாம், கையாளச் சிரமம் என்பதற்காக டாக்டர்கள் ஒதுக்கிய மருந்து இது, அதுதான் மனதை உறுத்துகிறது.

மூளைக்கான யோசனைகளும் இல்லாமல் இல்லை. பிலடெல்பியாவில் ஆஸ்டர்ஹோம் குழு 1980களில், ரத்தக்குழாயையே நம்பாமல், ஆக்சிஜன் ஏற்றிய ஃப்ளூரோகார்பன் கலவையை மூளை நீர் ஓடும் அறைகள் வழியாகவே செலுத்தி விலங்குகளில் பார்த்தது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு வந்த ஆக்சிஜென்ட் என்ற இன்னொரு பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தில் உறையவைக்கும் தொல்லை இல்லை. ஆனால் இதய அறுவை ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் தெரிந்ததால் 2001இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆய்வில் நோயாளியின் ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து வைத்த முறைமேல்தான் தயாரித்தவர்கள் பழி போட்டார்கள், இருக்கலாம், ஆனாலும் மூளை வேலைக்கு அந்தப் பெயரோடு வந்தால் நான் யோசிப்பேன்.

மாட்டு ஹீமோகுளோபினில் செய்த ஹீமோப்யூர், 2001இல் தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்றது, அறை வெப்பத்திலேயே மூன்று வருடம் தாங்கும். வசதியில் இதுதான் முதலிடம். ஆனால் இந்த வகைத் திரவங்கள் ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சி, குழாயைச் சுருக்கிவிடும், அனியூரிசம் வெடித்த மூளையில் நாங்கள் நாள்கணக்கில் பயந்து காவல் காப்பதே அந்தச் சுருக்கத்துக்குத்தான். அதை ஏற்ற எனக்குக் கை வராது.