எம்ஐ ரோபோட் வேக்யூம் மாப் பி: பெருக்குவதில் கெட்டி, வைஃபையில் சேர்ப்பதில் முரண்டு

ஷாவ்மி நிறுவனம் 2020இல் 17,999 ரூபாய்க்கு முன்பதிவு முறையில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த, தரையைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ இது. இன்று புது மாடல்கள் பல வந்துவிட்டன. ஆனாலும் இது இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது, பழைய பொருளாகக் கைமாறியும் வருகிறது. லேசர் சுழன்று அறையை அளக்கிறது, உறிஞ்சும் திறன் 2100 பாஸ்கல், பேட்டரி 3200 எம்ஏஎச், உயரம் 94.5 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கட்டிலுக்கு அடியில் தாராளமாகப் போய்வரும். டைல்ஸ், மொசைக், கிரானைட் தரைகளுக்கு இந்த உறிஞ்சுதிறன் போதும். வரைபடம் போடுவதிலும் சுவரோரம் பெருக்குவதிலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை சொல்ல வேண்டிய முக்கியமான இடம் முதல் நாள். பெட்டியைப் பிரித்து வீட்டு வைஃபையில் சேர்க்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பலரும் "மெஷின் பழுது" என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் பழுது எதுவும் இருக்காது. எந்தக் கட்டத்தில் தடங்குகிறது என்று, ரோபோவை இயக்கப் போனில் போடும் ஷாவ்மியின் ஆப் விளங்கும்படி சொல்வதில்லை, அதுதான் சிக்கல். அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்துக்கே.

வைஃபை இல்லாமலும் இது ஓடும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேலே உள்ள பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் வீடு முழுவதும் பெருக்கும், பக்கத்து பட்டனை அழுத்தினால் சார்ஜிங் டாக்குக்குத் திரும்பும். ஆனால் போகக்கூடாத இடத்தைக் கோடு போட்டு மறிப்பது, ஒரு அறையை மட்டும் பெருக்கச் சொல்வது, தினமும் இத்தனை மணிக்கு என்று நேரம் குறிப்பது, துடைக்கும் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது எல்லாமே ஆப்பில்தான் இருக்கின்றன. பூஜை அறைக்கோலத்தையும் ஃபிரிட்ஜ் பின்னால் கிடக்கும் வயரையும் இது தொடாமல் இருக்க வேண்டுமானால் வைஃபையில் சேர்த்தே ஆக வேண்டும்.

சேர்ப்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். புது ரோபோவுக்கு உங்கள் வைஃபையின் பெயரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. டைப் செய்ய அதில் திரையும் கிடையாது. எனவே அதுவே ஒரு சின்ன ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். உங்கள் போன் சில நொடிகள் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அந்த ஹாட்ஸ்பாட்டில் ஏறி, ரோபோவிடம் வீட்டு வைஃபையின் பெயர், பாஸ்வேர்ட், உங்கள் கணக்கு எண் மூன்றையும் கொடுக்கும். வாங்கிக்கொண்ட ரோபோ ஹாட்ஸ்பாட்டை மூடிவிட்டு ரவுட்டரில் ஏறப் பார்க்கும். ஏறியதும் இன்டர்நெட் வழியாக ஷாவ்மி சர்வரைத் தொட்டு "நான் இன்னாருடைய ரோபோ" என்று பதிவு செய்துகொள்ளும். இந்த மூன்று கட்டங்களில் எது முறிந்தாலும் ஆப்பில் தெரிவது ஒரே செய்திதான்: இணைக்க முடியவில்லை.

எந்தக் கட்டம் முறிந்தது என்பதை ரோபோவே காட்டிக்கொடுக்கும். மேல்மூடியைத் தூக்கினால் தூசிப்பெட்டி இருக்கும் இடத்தருகே சின்ன வைஃபை விளக்கு ஒன்று தெரியும். மெதுவாகக் கண் சிமிட்டினால் போனுக்காகக் காத்திருக்கிறது. படபடவென்று சிமிட்டினால் ரவுட்டரில் ஏற முயல்கிறது. சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் ஏறிவிட்டது. ஆப்பின் சதவீத வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த விளக்கைப் பாருங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

மெதுவான சிமிட்டலிலேயே நின்றால் போன் ரோபோவை எட்டவே இல்லை. குற்றம் போனில். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், லொகேஷனும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சுற்றியுள்ள வைஃபை பெயர்களை ஆப்பால் பார்க்கவே முடியாது. ஐபோனில் முதல்முறை கேட்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதியை மறுத்திருந்தால் செட்டிங்ஸில் போய் ஆன் செய்யுங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ரோபோவின் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் கிடையாது. அதை மோப்பம் பிடிக்கும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் அனுப்பும் தகவலும் ரோபோவுக்குப் போகாமல் வெளியே போய்விடும். "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரலாமா?" என்று ஆண்ட்ராய்டு கேட்டால் தொடரச் சொல்லுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஹாட்ஸ்பாட் பட்டியலில் எம்ஐ, ஷாவ்மி என்று தேடினால் கிடைக்காது. இந்த மாடலைத் தயாரித்தது வியோமி நிறுவனம். ஆகவே ஹாட்ஸ்பாட்டின் பெயரும் ஆங்கில எழுத்தில் 'வியோமி வேக்யூம்' என்றே தொடங்கி, கடைசியில் ஒவ்வொரு மெஷினுக்கும் மாறும் நான்கு எழுத்துகளோடு முடியும். அதைப் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பெயரே தெரியவில்லை என்றால் மேலே உள்ள இரண்டு பட்டன்களையும் ஒரே நேரத்தில், வைஃபை ரீசெட் ஆகிறது என்று குரல் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சில நொடிகள் பிடிக்கும், குரல் வருமுன் விரலை எடுக்க வேண்டாம். இது வைஃபை விவரத்தை மட்டுமே அழிக்கும். ஃபேக்டரி ரீசெட் என்பது வேறு. அதைச் செய்தால் வரைந்து வைத்த வரைபடம், மறித்த கோடு எல்லாம் போய்விடும். பதற்றத்தில் அதைத் தொட வேண்டாம்.

படபடவென்று சிமிட்டிவிட்டுத் திரும்பவும் மெதுவான சிமிட்டலுக்கு வந்தால் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது, ரவுட்டர்தான் உள்ளே விடவில்லை. திருப்பி அனுப்பப்படும் மெஷின்களில் நிறைய இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

முதல் காரணம் எல்லோரும் அறிந்தது: இந்த ரோபோவுக்கு வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 ஜிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது. வீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்து, போன் 5ஜி என்று முடியும் பெயரில் இருந்தால், ஆப் அந்தப் பெயரையே ரோபோவுக்குக் கொடுக்கும். ரோபோ அதை எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்காது. ஆரம்பிக்கும் முன்பே போனை 2.4இல் ஏற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் பெரும்பாலும் தானாகச் சேர்ந்துவிடும். சில ரவுட்டர்கள் மட்டும் எல்லாக் கருவிகளையும் 5க்குத் தள்ளிவிட முயன்று, 2.4இல் கதவைத் தட்டும் கருவிக்கு உடனே பதில் தராமல் தாமதிக்கும். போன் பொறுத்துக்கொள்ளும், ரோபோ பொறுக்காது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து 5 ஜிகாஹெர்ட்ஸைப் பத்து நிமிடம் அணைத்து வைத்து, ரோபோ சேர்ந்ததும் மறுபடி ஆன் செய்யுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரி, ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1, மற்ற பல ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் சரியான முகவரி இருக்கும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு முறை. புது ரவுட்டர்களில் டபிள்யூபிஏ 3 என்ற புதிய முறை இருக்கிறது, ரோபோ அதில் ஏறாமல் போகலாம். அதை டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டும் கலந்த முறையும் சில ரவுட்டர்களில் இடக்கு செய்யும். அப்படியே சேனலையும், அதாவது 2.4க்குள் ரவுட்டர் பயன்படுத்தும் உட்பிரிவு எண்ணையும் பார்த்துவிடுங்கள். ஆட்டோ என்று இருந்தால் ரவுட்டர் 12 அல்லது 13ஐத் தேர்ந்தெடுக்கக்கூடும், சில கருவிகள் அந்தச் சேனல்களைக் கேட்பதே இல்லை. 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததை நிலையாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இதனால் ரோபோ மட்டுமல்ல, 2.4இல் ஓடும் எல்லாமே சீராகும்.

மற்றபடி மறைத்து வைத்த வைஃபை பெயர், தமிழிலோ எமோஜியிலோ வைத்த பெயர், குறித்து வைத்த கருவிகளை மட்டும் உள்ளே விடும் மேக் ஃபில்டர் எல்லாம் தடைகள்தான். ஹாஸ்டல், மேன்ஷன்களில் பிரவுசரில் லாகின் செய்து நுழையும் வைஃபையில் இதைச் சேர்க்க வழியே இல்லை, ரோபோவால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. பாஸ்வேர்டைத் தவறாக அடித்தாலும் ஆப் அதைச் சொல்லாது, நேரம் முடிந்தது என்றுதான் காட்டும். கண் பட்டனைத் தட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடியுங்கள்.

ரவுட்டரா ரோபோவா என்ற சந்தேகத்தைத் தீர்க்க உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது. வீட்டில் உள்ள இரண்டாவது போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஐபோனாக இருந்தால் பர்சனல் ஹாட்ஸ்பாட்டில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்பதை ஆன் செய்தால் போதும். எளிய பெயர், எளிய பாஸ்வேர்ட் வைத்து அதில் ரோபோவைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் ரோபோ நலம், ரவுட்டர் செட்டிங்கைத் திருத்துங்கள். அதிலும் சேராவிட்டால் மட்டும் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் மெஷினைத் திருப்பி அனுப்புவது இரு தரப்புக்கும் நஷ்டம்.

விளக்கு நிலையாக எரிகிறது, ஆப் மட்டும் தோற்றுவிடுகிறது என்றால் அது மூன்றாம் கட்டம். ஆப்பில் கணக்கு தொடங்கும்போது தேர்ந்தெடுத்த நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் விற்ற மெஷினுக்கு இந்தியா என்று இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சீன மாடல் சீனா என்று வைத்தால்தான் சேரும், பேசுவதும் சீன மொழியில்தான். பழைய மெஷின் வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் பட்டனை அழுத்தி அது எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சீன மாடலை வாங்கச் சொல்ல மாட்டோம். நாடும் சரியாக இருந்தால், விளம்பரத்தைத் தடுக்க ரவுட்டரில் போட்ட டிஎன்எஸ் வடிகட்டியைச் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு டாக்கை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முதல் இணைப்பை ரவுட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் அருகில் வைத்து முடியுங்கள். அதன் பிறகு டாக்கை வேண்டிய இடத்துக்கு மாற்றலாம். இரு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒரு மீட்டராவது காலியாக இருக்கட்டும். இரும்பு பீரோவை ஒட்டியோ, ஒன்பது அங்குலச் சுவர் இரண்டைத் தாண்டியோ வைத்தால் சிக்னல் சோர்ந்துவிடும். ஆப்பின் செட்டிங்ஸில் நெட்வொர்க் தகவல் பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் வரும். மைனஸ் 60க்கு மேல், அதாவது மைனஸ் 50 போலப் பூஜ்யத்துக்கு நெருங்கி இருந்தால் நன்று. மைனஸ் 75க்குக் கீழே, மைனஸ் 80 போலப் போனால் டாக்கை நகர்த்துங்கள். பெருக்கும்போது ஒரு மூலையில் சிக்னல் அறுந்தால் கவலை வேண்டாம். வரைபடம் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, வேலை நிற்காது. ஆப்பில் படம் மட்டும் உறைந்து நின்று, பிறகு எட்டிப் பிடிக்கும்.

கரன்ட் போய்வந்தால் ரவுட்டர் எழுந்ததும் ரோபோ தானாகச் சேர்ந்துகொள்ளும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டுவிட்டால் அந்தக் காத்திருப்பும் இல்லை. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் அச்சடித்திருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து, அதைத் தாங்குவதாக வாங்குங்கள்.

இவ்வளவு சிரமத்துக்குப் பிறகும் இதை வாங்கலாமா என்றால், பாதி விலைக்குள் நல்ல நிலையில் இந்திய மாடல் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் ஆப் வசதிகள் எல்லாமே நிறுவனத்தின் சர்வரை நம்பி இருக்கின்றன என்ற குறை உண்மை. நியாட்டோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டபோது அதன் ரோபோக்களை வைத்திருந்தவர்களுக்கு, ஆப் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்ற கேள்விதான் முதலில் வந்தது. சர்வர் போகும் நாளில் இந்த மெஷினுக்கும் மிஞ்சுவது மேலே உள்ள அந்த இரண்டு பட்டன்கள்தான். அதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர்கள் வாங்கட்டும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பிராட்பேண்ட் மாற்றினாலோ புது ரவுட்டர் வாங்கினாலோ, பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்துகூட மாறாமல், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, புது ரவுட்டரில் வைத்துவிடுங்கள். இணைப்பு கொடுக்க வரும் லைன்மேனிடம் அங்கேயே சொன்னால் அவரே மாற்றிக் கொடுத்துவிடுவார். ரோபோவைத் தொடவே வேண்டாம், ரவுட்டர் மாறியதே அதற்குத் தெரியாது.