ஐந்தாயிரம் ரூபாயில் ஒரு அனிமே ரசிகர் எதை வாங்கலாம்?

ஹாஸ்டல் அறையில் நமக்கென்று இருப்பது ஒரு மேசை, அலமாரியில் ஒரு தட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. செமஸ்டர் முழுக்கச் சேர்த்து வைத்தால் ஐந்தாயிரம் ரூபாய் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு அடித்துக்கொள்பவை ஃபிகர் (அனிமே பாத்திரத்தின் பொம்மை), கன்ப்லா (நாமே பொருத்தும் ரோபோ மாடல்), மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), அப்புறம் வீட்டில் "படிக்கத்தான்" என்று சொல்லி வாங்கும் டேப்லெட். விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துதான் போவோம். பெட்டியைப் பிரித்த பிறகு அந்தப் பொருளோடு எத்தனை மணி நேரம் இருப்போம், நம் ஊர் வெயிலை அது தாங்குமா, எங்கே வைப்பது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஓட்டு கன்ப்லாவுக்குத்தான்.

முதலில் ஃபிகர். இந்த ஒரே பெயரில் பல சரக்கு விற்கிறது. உச்சியில் இருப்பவை 1/7, 1/8 அளவில், அதாவது பாத்திரத்தின் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்காக வரும் ஸ்கேல் ஃபிகர்கள். ஆல்டர், கோட்டோபுகியா, குட் ஸ்மைல் போன்ற நிறுவனங்கள் செய்பவை. ஜப்பானிலேயே பதினைந்தாயிரம், இருபதாயிரம் யென் ஆகும். முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். நம் பட்ஜெட்டில் அதற்குப் பேச்சே இல்லை, ஆசை தீரப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் கைக்கு எட்டுவது பிரைஸ் ஃபிகர். ஜப்பானின் கேம் சென்டர்களில் கிரேன் இயந்திரத்தில் பிடித்துக்கொண்டு போவதற்கென்றே பன்பிரெஸ்டோ, சேகா, டைட்டோ, ஃப்யூரியு ஆகியவை செய்யும் பொம்மைகள் இவை. சூதாட்டமாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக அங்கே பரிசுப் பொருளின் மதிப்புக்கு உச்சவரம்பு உண்டு. நெடுநாள் சுமார் 800 யென்னாக இருந்ததை 2022-ல் சுமார் 1,000 யென்னாக உயர்த்தினார்கள். அந்த வரம்புக்குள் அடக்க வேண்டியிருப்பதால்தான் தலைமுடியில் நிழல் கொடுத்த வண்ணப்பூச்சு இருக்காது, பீடம் வெறும் வட்டத் தட்டாக இருக்கும், பின்பக்கம் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். முகத்துக்கு மட்டும் நன்றாக மெனக்கெட்டிருப்பார்கள், எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தானே.

ஆயிரம் யென் சரக்கு இங்கே வரும்போது சுமாராக இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிவிடுகிறது. கப்பல் கட்டணம் ஒரு பக்கம், சுங்கம் இன்னொரு பக்கம். பொம்மைகள் மீதான இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் இந்திய அரசு ஏற்றியது. உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காப்பதுதான் நோக்கம். அதில் நமக்கு வருத்தம் இல்லை, ஆனால் ஒன் பீஸ் தொடரின் வாள்வீரன் சோரோவின் மூன்று வாட்களை உள்நாட்டில் யாரும் செய்யவும் இல்லை.

நென்டோராய்டு என்ற குட்டி ஃபிகர் பற்றி ஒரு வரி போதும்: பெரிய தலை, பத்து சென்டிமீட்டர் உயரம், முகத்தைக் கழற்றி மாற்றலாம், ஒன்றே ஒன்று வாங்கினால் பணம் முழுக்கத் தீர்ந்துவிடும்.

அடுத்தது போலி. மால் ஸ்டால்களிலும் கண்காட்சிகளிலும் ஐந்நூறு, எண்ணூறு என்று கிடைப்பவை பெரும்பாலும் இந்த ரகம்தான். "எனக்குப் பார்க்க நன்றாக இருந்தால் போதும்" என்பவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் எண்ணூறு ரூபாய்க்குப் பளபளக்கும் தோலும், மாறுகண்ணும், பெட்டியைத் திறந்ததும் தூக்கியடிக்கும் பிளாஸ்டிக் வாடையும்தான் கிடைக்கும். எந்த வண்ணம் பூசினார்கள் என்று யாருக்கும் தெரியாது, மறுவிற்பனை மதிப்பும் கிடையாது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் பதிப்புரிமை வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். டோயி அனிமேஷன் தொடர்களின் பொம்மை என்றால் பெரும்பாலும் பூனை முகம் போட்ட பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டு போலி வாங்கும் காசைச் சேர்த்து வைத்தால் ஒரு அசல் பிரைஸ் ஃபிகருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இனி கன்ப்லா. கண்டம் (Gundam) என்ற அனிமே தொடரின் ரோபோக்களை நாமே பொருத்திச் செய்யும் மாடல் கிட். ஜப்பானிய பொம்மை நிறுவனமான பண்டாய் முதல் பெட்டியை 1980-ல் வெளியிட்டது, அன்று விலை 300 யென். இன்றைக்கும் ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள ஆலையில்தான் வார்க்கிறார்கள். பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி, நிறத்தோடே வார்க்கப்பட்டு வருவதால் பெயின்ட் தேவையில்லை. அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் என்பதால் பசையும் தேவையில்லை. தொடக்கநிலை வரிசையான என்ட்ரி கிரேடில் ஆர்எக்ஸ்-78-2 (தொடரின் முதல் கண்டம் ரோபோ) ஜப்பானில் 770 யென். அதற்குக் கத்தரிக்கும் கருவிகூட வேண்டாம், கையாலேயே பிய்த்தெடுக்கலாம். அடுத்த படியான ஹை கிரேடு 1/144 அளவில், பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். இங்கே சுமாராக ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம். மூவாயிரம் ரூபாய் ஃபிகரைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்த ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகு அது நிற்கும், நாம் பார்ப்போம், அவ்வளவுதான். அதே விலையில் ஒரு ஹை கிரேடு வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கக் கைக்கு வேலை. முடித்த பிறகும் மூட்டுகளை மடக்கி விதவிதமாக நிறுத்தலாம். மெல்லிய கறுப்பு மார்க்கரால் மேற்பரப்பில் உள்ள பள்ளக் கோடுகளை வரைந்தால் பார்வையே மாறும், வெட்டிய இடத்தின் வெள்ளைத் தழும்பை உப்புத்தாளால் தேய்க்கலாம். ஃபிகரில் நாம் மேம்படுத்த ஒன்றும் இல்லை. இதில் ஒவ்வொரு பெட்டியிலும் நம் கை தேறுவது கண்ணுக்குத் தெரியும்.

கருவிக்கும் பயந்துவிட வேண்டாம். பாகங்களை வெட்டியெடுக்கக் காட்ஹேண்ட் நிறுவனத்தின் நிப்பர் வாங்கினால்தான் ஆச்சு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அருமையான கருவிதான், ஆனால் அலகு அவ்வளவு மெல்லியது, தடித்த இடத்தை வெட்டினால் உடைந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில், சென்னை என்றால் ரிச்சி தெருவில், வயர் வெட்டும் சின்ன கட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டால் முதல் சில பெட்டிகளுக்குத் தாராளம்.

வெயிலிலும் கன்ப்லாதான் ஜெயிக்கிறது. ஃபிகர்கள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள், சூட்டிலும் காற்றோட்டமில்லாத மூடிய பெட்டியிலும் மெல்ல வெளியே கசிந்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கும். அப்புறம் தூசி அப்பிக்கொள்ளும். ஒற்றைக் காலில் நிற்கும் பாத்திரம் என்றால் மே மாதத்தில் கணுக்கால் வளைந்து மெதுவாகச் சாய ஆரம்பிக்கும். வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திர சோப்பு விட்டுக் கழுவினால் பிசுபிசுப்பு போகும், சாய்வு அவ்வளவு சுலபமாகப் போகாது. கன்ப்லாவின் பெரும்பகுதி பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக், அந்தத் தொல்லை அதற்கு இல்லை. அதன் பலவீனம் நெற்றிக் கொம்பு. துணியால் துடைக்கும்போது அதுதான் முதலில் முறியும்.

"எனக்கு ரோபோ பிடிக்காது" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பண்டாயின் ஃபிகர்-ரைஸ் ஸ்டாண்டர்டு வரிசையில் கோகு, நருடோ எல்லாம் இதே மாதிரி பொருத்தும் கிட்டாக வருகிறார்கள். ஒன் பீஸ் ரசிகர் என்றால் கோயிங் மெரி கப்பலின் சிறிய கிட் உண்டு, விலையும் குறைவு. ஆனால் உங்கள் மனதுக்கு நெருக்கமான பாத்திரம் கிட்டாக வராத தொடரைச் சேர்ந்தவர் என்றால் யோசிக்காமல் பிரைஸ் ஃபிகரையே வாங்குங்கள்.

மாங்காவுக்கு வருவோம். விஸ் மீடியா வெளியிடும் ஆங்கிலத் தொகுதி இங்கே சுமாராக நானூறிலிருந்து அறுநூறு ரூபாய். ஒரு தொகுதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். ஐந்தாயிரத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரும், டெத் நோட்டின் 12 தொகுதிகளை ஏறக்குறைய முழுதாக வாங்கிவிடலாம். டீமன் ஸ்லேயருக்கு 23, ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டுக்கு 27. ஒன் பீஸ் நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது; அதைப் புத்தகமாகச் சேர்ப்பது வேலை கிடைத்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம், அலமாரியும் போதாது.

படிப்பதற்கு மட்டும் என்றால் காகிதம் வாங்கவே வேண்டாம். ஜப்பானியப் பதிப்பகமான ஷூயிஷா 2019-ல் தொடங்கிய மாங்கா பிளஸ் செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களின் முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்கள் இலவசம், ஜப்பானில் வரும் அதே நேரத்தில் வரும். விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் செயலியும் இந்தியாவில் கிடைக்கிறது. அதன் மாதச் சந்தா ஒரு புத்தகத்தின் விலையைவிடக் குறைவு, ஒரு நாளைக்கு நூறு அத்தியாயம் வரை படிக்கலாம். அதனால் என் வழக்கம்: தொடர்வதைச் செயலியில் படிப்பது, முடிந்துபோன, மறுபடி மறுபடி எடுக்கத் தோன்றும் குட்டித் தொடரை மட்டும் காகிதத்தில் வாங்குவது.

செயலி என்றதும் திரைக் கேள்வி வருகிறது. மாங்கா பக்கத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய ஒன்பது அங்குலம். ஆறரை அங்குல போனில் வசனக் குமிழியை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். மின்நூல் படிக்கும் கருவியான கிண்டிலின் மைத்திரை (இ-இங்க்) கண்ணுக்கு இதமானது, கறுப்பு வெள்ளைக்கு ஏற்றது, ஆனால் மேலே சொன்ன இரண்டு செயலிகளும் அதில் ஓடாது. ஒவ்வொரு தொகுதியையும் தனியாக வாங்க வேண்டும். மாணவருக்கு டேப்லெட்தான் சரி. பிடிஎஃப் பாடமும் அதிலேயே ஓடும், வீட்டில் சொன்னதும் பொய்யாகாது. ஐந்தாயிரத்துக்குள் நல்லது கிடைக்காது, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போக வேண்டும், அதாவது மூன்று செமஸ்டர் பொறுமை.

வாங்கும்போது கடைக்காரர் அடுக்குவது 1080பி-யைவிடக் கூடிய 2கே திரை. அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அனிமே பெரும்பாலும் 1080பி அல்லது அதற்கும் குறைந்த தரத்தில்தான் உருவாகிறது. அவர் சொல்லாமல் விடுவது வைட்வைன் எல்1, அதாவது காட்சிகளைத் திருட்டிலிருந்து காக்கும் பாதுகாப்பு நிலை. அது இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மங்கலான 480பி-யில்தான் ஓடும், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும். விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் 120 ஹெர்ட்ஸ் திரையில் மட்டும் ஒரு சின்ன லாபம் உண்டு: அனிமே விநாடிக்கு 24 சட்டகம், 120-ஐ 24 மீதியின்றி வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால் 60 ஹெர்ட்ஸில், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு நடுக்கம் தெரியும்.

பார்ப்பதற்கான சந்தா இந்தப் போட்டியிலேயே சேராது. அனிமே பார்க்கும் தளமான கிரஞ்சிரோல் 2022-ல் இந்தியக் கட்டணத்தை மாதம் 79 ரூபாயாகக் குறைத்தது, சோலோ லெவலிங் போன்றவற்றுக்குத் தமிழ் டப்பிங்கும் வந்துவிட்டது. ஒரு டீயும் சமோசாவும் விட்டுக்கொடுத்தால் வரும் காசு.

மீதி இருப்பது காதுக்கு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் புளூடூத் பட்ஸா, அதே விலை வயர் இயர்போனா என்றால் நான் வயர் பக்கம். பட்ஸின் பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், மாற்றவும் முடியாது. வயரில் அந்தக் காசு முழுக்க ஒலிக்கே போகிறது. அதோடு மூன்டிராப், ட்ரூத்இயர் போன்ற சீன நிறுவனங்கள் பெட்டி மேல் அனிமேப் பெண்ணை வரைந்தே விற்கின்றன. இவற்றை இந்தியாவில் விற்கும் ஹெட்ஃபோன் ஜோன் சென்னையைச் சேர்ந்ததுதான். போனில் 3.5 மிமீ துளை இல்லையென்றால் டைப்-சி டாங்கிள் ஒன்றுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள். இயர்போன் பெட்டியின் அந்தப் பட அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஃபிகர் வாங்க முடியாதவர்களின் மேசையில் அதுவே நன்றாக நிற்கும்.