சினைப் பூனைக்கு ஸ்கேன்: எங்கள் அனுபவம்

மீனு சினையா, இல்லை சும்மா தின்று கொழுத்திருக்கிறாளா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்ததால் பக்கத்துத் தெரு கால்நடை கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். சினைப் பூனை வைத்திருப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அடிவயிற்றில் கொஞ்சம் முடியை மழித்து ஜெல் தடவிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், டாக்டர் ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டுத்தான் தடவினார், மீனுவை மல்லாக்கப் போட்டு அமுக்காமல் துண்டு விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார், அதனால் அவள் சீறக்கூட இல்லை. திரையில் கருப்பு வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் துணுக்கு, அதன் நடுவில் படபடவென்று ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 200-க்கு மேல் துடிக்குமாம். பிரசவ சமயத்தில் இது நன்றாகக் குறைந்தால் குட்டி திணறுகிறது என்று தெரிந்துகொண்டு ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். இணை சேர்ந்து 16 நாள் வாக்கிலேயே கரு இருக்கும் நீர்ப்பை தெரிய ஆரம்பிக்கும் என்றாலும், 25 நாளுக்கு மேல் போனால்தான் இதயத்துடிப்பைத் தெளிவாகப் பார்க்க முடியும். சீக்கிரமே போய் 'ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

எத்தனை குட்டி என்று கேட்டதற்கு "நாலு இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன்" என்றார். அது நேர்மையான பதில். ஒன்றின் மேல் ஒன்று மறைந்திருக்கும், ஒரே குட்டியை இரண்டு தடவை எண்ணிவிடவும் வாய்ப்பு உண்டு. சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் 45 நாளுக்கு மேல், எலும்பு தெரியும் பருவத்தில், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கடைசிக் குட்டி உள்ளேயே தங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அந்த எண்ணிக்கை அவசியம். பூனைக்கு மொத்தமே 63 முதல் 65 நாள்தான் என்பதால் இணை சேர்ந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

குறை என்றால் காத்திருக்கும் இடம்தான். நாய்களும் பூனைகளும் ஒரே அறையில். ஒரு லாப்ரடார் குரைத்த குரைப்பில் மீனுவின் வால் புஸ்ஸென்று உப்பிவிட்டது, சினையாக இருக்கும் ஒரு ஜீவனுக்கு இது தேவையே இல்லாத பயம். அப்புறம், ஸ்கேன் படத்தைத் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள், அறிக்கையாக எழுதித் தருவதில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது. காலையில் நாய்க் கூட்டம் குறைவாம், முன்பே போன் செய்து அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.