இஸ்போர்ஸ்க் கோட்டை: சின்னதுதான், ஆனால் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ரஷ்யாவின் பிஸ்கோவ் நகரிலிருந்து மேற்கே சுமார் 30 கி.மீ. பஸ்ஸில் போகலாம். சுற்றிவர அரை மணி நேரம் போதும் என்று சொன்னார்கள், எனக்கு மூன்று மணி நேரமும் பத்தவில்லை.

பழைய ரஷ்ய வரலாற்றுக் குறிப்பில் 862-ஆம் ஆண்டிலேயே இந்த ஊரின் பெயர் வருகிறது, ஆனால் இன்று நாம் பார்க்கும் கற்கோட்டை 1330-இல் பக்கத்துக் குன்றில் எழுந்தது. இன்றைய எஸ்டோனியா, லாட்வியா பகுதியை ஆண்ட ஜெர்மானியப் படையினரான லிவோனிய வீரர்களைத் தடுக்கத்தான் இத்தனை தடித்த சுண்ணாம்புக்கல் சுவர்.

வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளிக்கதவை உடைத்து எதிரி நுழைந்தாலும், இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்தில்தான் மாட்டுவான், மேலே இருந்து அடி விழும், உள்கதவோ இன்னும் தள்ளி இருக்கும்! அந்தச் சந்தில் நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. அப்புறம் லுகோவ்கா கோபுரம். மற்றவை சுவரோடு சேர்ந்து நிற்க, இது மட்டும் சுவருக்கு உள்ளே தனியாக நிற்கிறது, இருப்பதிலேயே பழையது. வெளிச்சுவரில் கல்லாலேயே பதித்த பெரிய சிலுவைகளையும் தவறவிடாதீர்கள்.

நிகோலாய் தேவாலயம் சின்னது, அமைதியானது. கீழே ஸ்லோவேனிய ஊற்றுகளுக்கு இறங்கும் பாதை மழையில் வழுக்கும், நல்ல ஷூ போட்டுப் போங்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி!