டர்பன் சீ.ஏ.ஓ.: ஒரே விண்ணப்பம், ஆறு வாய்ப்பு

தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலுலாந்து என நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் தனித்தனியே அலைய வேண்டாம். அவற்றுக்கான விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் மத்திய விண்ணப்ப அலுவலகமான சீ.ஏ.ஓ.வின் பெரிய பலம் அதுதான். ஒரே படிவம், ஒரே கட்டணம், ஆறு படிப்புகள் வரை கேட்கலாம். செப்டம்பர் 30-க்குள் கட்டினால் சமீப ஆண்டுகளில் 250 ராண்ட், தாமதித்தால் 470. மருத்துவத்துக்குக் கதவு இன்னும் சீக்கிரமே சாத்தப்படும்.

பணம் கட்டும்போது சீ.ஏ.ஓ. எண்ணைக் குறிப்பிட மறந்தால், அது யாருடைய பணம் என்று அவர்களுக்கே தெரியாது. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான், சீ.ஏ.ஓ. வெறும் தபால்காரர். அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

அதிகம் சறுக்குவது மதிப்பெண் கணக்கில். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், ஒரு பாடத்தில் 79 எடுத்தால் 6 புள்ளி, 80 எடுத்தால் 7. அந்த ஒரு மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானிக்கலாம். லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாட மதிப்பெண்ணைக் குவாசூலு-நட்டால் கூட்டிக்கொள்ளாது. பொறியியல் கேட்பவருக்கு மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடம் உதவாது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும். ஆறு இடத்தையும் எட்டாத படிப்புகளால் நிரப்பாமல், கடைசி இரண்டையாவது நிச்சயம் கிடைப்பதற்கு வையுங்கள்.

இதில் குறை என்றால், உதவித்தொகை இதோடு சேராது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்ஸ்ஃபாஸுக்குத் தனியாக, இலவசமாக விண்ணப்பிக்க வேண்டும். 'சீ.ஏ.ஓ. போட்டாச்சே' என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.